சாப்பாட்டுச் சிகிச்சைக்குக் கொழும்பு போகுமுன்: விசுவமடுவில் இருந்து கேட்ட தாய்க்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு விசுவமடு. மகனுக்கு 2 வயதும் 8 மாதமும். 31 கிழமையில் பிறந்து, இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பிள்ளை. எடை ஏறாததால் எட்டு மாதமாக மூக்குக் குழாயால்தான் முக்கால்வாசிப் பால் போகிறது. வாயால் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் குடிக்கிறான், அதுவும் அரைத் தூக்கத்தில். கரண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பி ஓங்காளிக்கிறான். கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று நான்கு கிழமை தங்கி நின்று சாப்பாட்டுப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று சொல்லி, 25 நாளில் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன கொண்டு போவது, பிள்ளையைப் பட்டினி போடுவார்களா, திரும்பி வரும்போது சாப்பிடுவானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஸ்பீச் தெரபி படித்தவள். அது கதைக்கப் பழக்குகிற வேலை என்றுதான் ஊரில் நினைப்பார்கள். என் நாளில் பாதி விழுங்குவதைப் பற்றியே போகிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலுமாகப் பன்னிரண்டு வருடம் இந்தப் பிள்ளைகளோடு இருந்திருக்கிறேன். ஆனால் உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. பாலின் அளவு, மருந்து, குழாய் பற்றி உங்கள் டொக்டர் ஒன்று சொல்லி நான் வேறொன்று சொன்னால் டொக்டர் சொன்னதைக் கேளுங்கள்.

எல்லாரும் பையைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். பை அரை நாள் வேலை, அதைப் பிறகு சொல்கிறேன். அந்த மூன்று கிழமையில் உங்கள் மகன் சாப்பிடப் பழகி முடிக்கப் போவதில்லை. அங்கே பழகப் போவது நீங்கள். எப்படி இருத்துவது, எவ்வளவு வைப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது, அவன் முகத்தில் எது களைப்பு, எது அடம், எது பயம் என்று பிரித்துப் பார்ப்பது, இதெல்லாம் உங்கள் கைக்கு வர வேண்டும். வாட்டில் பயிற்சி கொடுக்கிற மிஸ்ஸின் கையால் பத்துக் கரண்டி சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் வாயை இறுக்கிக்கொண்ட பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பார்த்தால் வீட்டில் எதுவும் மாறியிருக்காது. அதே போன், அதே முற்றத்தில் தூக்கிக்கொண்டு திரிந்து தீத்துகிற பழக்கம், அம்மா ஒரு விதம், அம்மம்மா ஒரு விதம். அதனால் இந்த 25 நாளில் பெரிய வேலை வீட்டில்தான் இருக்கிறது.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். இடத்துக்கு இடம் மாறும், ஆனாலும் பொதுவான போக்கு ஒன்று உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் பார்ப்பார்கள். நீங்கள் வழமையாக எப்படிக் கொடுக்கிறீர்களோ அப்படியே கொடுக்கச் சொல்வார்கள். அப்போது வெட்கப்பட்டு ‘நல்ல அம்மா’ மாதிரி நடிக்காதீர்கள். வீட்டில் ரிவி போட்டால்தான் வாய் திறப்பான் என்றால் அதையே சொல்லுங்கள், செய்து காட்டுங்கள். விழுங்குவதில் சந்தேகம் இருந்தால் பேரியம் கலந்த பாலையோ மசியலையோ கொடுத்து, அது எந்த வழியால் இறங்குகிறது என்று எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்ப்பார்கள். சாப்பாடு மூச்சுக்குழாய்ப் பக்கம் போனாலும் இருமாத பிள்ளைகள் உண்டு. பிரக்கடிக்கவில்லை, ஆகவே பயமில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். அடிக்கடி நெஞ்சுச் சளி, சாப்பிட்ட பிறகு தொண்டையில் தண்ணீர் நிற்பது போன்ற ஈரக் குரல், காரணமில்லாக் காய்ச்சல், இப்படி எதுவும் இருந்தால் இப்போதே கொப்பியில் எழுதி வையுங்கள். அதை முதல் நாளே சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு நாளைக்கு மூன்று தொடக்கம் ஐந்து தடவை, ஒவ்வொன்றும் பதினைந்து இருபது நிமிடம், ஒரே கதிரையில், ஒரே நேரத்தில் இருத்துவார்கள். ஆரம்பத்தில் வெறும் கரண்டி. பிறகு நுனியில் தொட்டும் தொடாமலும் ஏதாவது. பிறகு ஒரு அரிசி அளவு. பார்க்கிற உங்களுக்குப் பொறுமை போய்விடும்: இதற்காகவா முந்நூறு கிலோமீற்றர் தாண்டி வந்தோம்? சாதாரணப் பிள்ளைக்கே ஒரு புதுச் சாப்பாடு பிடிபடப் பத்துப் பதினைந்து தடவை கண்ணில், கையில், நாக்கில் பட வேண்டியிருக்கும். உங்கள் மகனுக்கோ வாய்க்குள் போனதெல்லாம் குழாயும், சளி இழுக்கிற ரியூபும், மருந்தும். அவன் வாயைப் பாதுகாக்கிறான். அதை அடம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு விஷயத்தைப் போகுமுன் கட்டாயம் கேட்டுத் தெளியுங்கள். இந்தத் துறையில் இரண்டு வழி உண்டு. ஒன்று, பிள்ளை வாங்கும்வரை கரண்டியை உதட்டருகே வைத்திருந்து, வாங்கினால் பாராட்டி, மறுத்தாலும் எடுக்காமல் இருப்பது. அமெரிக்காவில் பால்டிமோரில் உள்ள கென்னடி க்ரீகர் நிறுவனம் போன்ற இடங்களில் வாரக்கணக்கில் தங்கவைத்துச் செய்கிற சிகிச்சைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த நடத்தைப் பயிற்சி முறைதான் இருக்கிறது. மற்றது, பிள்ளை தானாகத் தொட்டு, மணந்து, பிசைந்து, தன் கையால் வாய்க்குக் கொண்டுபோகும்வரை காத்திருப்பது. இரண்டாலும் சாப்பிட வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், இரண்டையும் கலந்து செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் அதற்குக் காலம் அதிகம், எடை விழுந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு அந்தக் காலம் கிடைக்காமலும் போகலாம். உங்கள் இடத்தில் எந்த வழி, அழுதால் என்ன செய்வார்கள், நீங்கள் பக்கத்தில் நிற்கலாமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். பயிற்சி தொடங்கும் முதல் நாட்களில் தாயை வெளியே நிற்கச் சொல்வது உண்டு, அதைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம். ஆனால் கையைக் காலைப் பிடித்து, தாடையை அமத்தி வாயைத் திறந்து ஊற்றினால், அது எந்த வழியிலும் சேராது. நிறுத்துங்கள் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இனிப் பட்டினி. நீங்கள் அதை இரண்டு தடவை கேட்டிருக்கிறீர்கள். இரவு முழுக்கக் குழாயால் பால் இறங்கினால் காலையில் எந்தப் பிள்ளைக்கும் பசிக்காது. ஆகவே குழாய்ப் பாலைப் படிப்படியாகக் குறைத்து, அல்லது நேரம் மாற்றி, பசி என்ற ஒன்றை அவனுக்கு அறிமுகப்படுத்துவார்கள். உங்களுக்குப் பயம் வரப்போவது இந்தக் கட்டத்தில்தான். எடை முதலில் கொஞ்சம் இறங்கலாம். அதற்காகத்தான் வாட்டில் வைத்துச் செய்கிறார்கள்: தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில், உடுப்பில்லாமல் நிறுப்பார்கள், சிறுநீர் எத்தனை தடவை போனது என்று எண்ணுவார்கள், சோர்வு பார்ப்பார்கள். எவ்வளவு எடை குறைந்தால் குழாய்ப் பாலைத் திரும்பக் கூட்டுவீர்கள் என்று டொக்டரிடம் நேராகக் கேளுங்கள். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் இரவில் நித்திரை வரும்.

இதோடு சேர்த்து ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ‘பசித்தால் தானே சாப்பிடுவான்’ என்று வீட்டில் நீங்களாகக் குழாய்ப் பாலைக் குறைத்துப் பார்க்கக் கூடாது. ஊரில் யாராவது கட்டாயம் இந்த யோசனையைச் சொல்வார்கள். இவனைப் போன்ற பிள்ளைகளுக்குப் பசிக்கும் வாய்க்கும் இடையில் தொடர்பே உருவாகியிருக்காது. பசித்தால் அழுவான், சோர்வான், வாய் திறக்கமாட்டான். ஒரு பிள்ளை அப்படி மூன்று நாளில் வாடிப்போய், கிளினிக் நாளுக்கு முன்பே அவசரமாக வந்து சேர்ந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நன்றாக ஊட்டப்பட்ட பிள்ளைதான் பயிற்சிக்குத் தாக்குப்பிடிப்பான். அரைத் தூக்கப் போத்தலையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். அதை நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் தூங்கிக்கொண்டு குடிக்கிற பிள்ளை குடிக்கப் பழகுவதில்லை, பல்லும் கெட்டுப்போகும். ஆனால் அது அங்கே, நிறுவையோடு செய்ய வேண்டிய வேலை.

போகுமுன் இங்கேயே முடிக்கக் கூடிய சில காரியங்கள் உண்டு. மலச்சிக்கல் இருக்கிறதா? மூன்று நாளுக்கு ஒருக்கால் கட்டியாகப் போகிற பிள்ளைக்குப் பசியே வராது. குழாய்ப் பிள்ளைகளில் இது மிகச் சாதாரணம், மருந்தால் சரிசெய்யலாம், ஆனால் ஒருவரும் கேட்பதில்லை. இரத்தத்தில் இரும்பு குறைந்தாலும் பசி போகும், கிளினிக்கில் பார்க்கச் சொல்லுங்கள். (வாயால் நாள் முழுக்கப் பால் மட்டும் குடிக்கிற பிள்ளைகளின் தாய்மார் இதை வாசித்தால்: ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேல் பசுப்பாலோ பால்மாவோ போனால் இரும்பும் குறையும், சோறும் இறங்காது.) பல்லைக் காட்டுங்கள். சூத்தைப் பல் வலிக்கிற பிள்ளையிடம் கரண்டியை நீட்டுவது வீண். போகிற கிழமையில் தடிமன் வந்தால் நாள் மாற்றுவார்களா என்று போன் பண்ணிக் கேட்டு வையுங்கள். மூக்கடைத்த பிள்ளை மூச்சும் விட்டு விழுங்கவும் மாட்டான்.

கொஞ்ச நாளில் வயிற்றில் நேரடியாகக் குழாய் வைக்கிற கதை எழலாம். மூக்குக் குழாய் மாதக்கணக்கில் தேவைப்பட்டால் டொக்டர்மார் அதை யோசிப்பது வழமை. அதைத் தோல்வி என்று எடுக்காதீர்கள். மூக்குக் குழாயே தொண்டையை உரசி ஓங்காளத்தைக் கூட்டும். அது போன பிறகு வாய் திறந்த பிள்ளைகள் உண்டு.

இப்போது கொப்பி. ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கி மூன்று நாள் எழுதுங்கள், அதில் ஒன்று அப்பா வீட்டில் நிற்கிற நாளாக இருக்கட்டும். எத்தனை மணிக்கு, என்ன, எத்தனை மில்லிலீற்றர், வாயாலா குழாயாலா, யார் கொடுத்தது, எவ்வளவு நேரம், சத்தி எடுத்தானா. அழகாக எழுத வேண்டியதில்லை. அதைவிடப் பெறுமதியானது ஒரு வீடியோ: போனை யன்னலில் சாத்தி வைத்துவிட்டு, ஒரு வழமையான சாப்பாட்டு நேரத்தைப் பத்து நிமிடம் எடுங்கள். நல்ல நாளில் ஒன்று, மோசமான நாளில் ஒன்று. வாட்டில் பிள்ளை வேறு பிள்ளையாக இருப்பான். உங்கள் குசினியில் அவன் எப்படி என்பதை அந்த வீடியோ மட்டும்தான் சொல்லும்.

நான் அதிகம் கதைக்க விரும்புவது நம்முடைய சாப்பாட்டைப் பற்றி. கொழும்பில் பயிற்சிக்கு எடுப்பது பெரும்பாலும் வாழைப்பழ மசியல், பூசணி, யோகட், பிஸ்கட் கரைசல். நல்லது. ஆனால் வீட்டுக்கு வந்தால் இரவுக்கு இடியப்பமும் சொதியும், காலையில் புட்டு. இந்த இரண்டும் பழகுகிற பிள்ளைக்கு மிகக் கஷ்டமானவை என்று நம்மில் பலருக்குத் தெரியாது. புட்டு வாய்க்குள் உதிர்ந்து நாலாபக்கமும் சிதறும். அதை நாக்கால் கூட்டி ஒரு உருண்டையாக்கத் தெரிந்தால்தான் விழுங்கலாம், தெரியாத பிள்ளை பிரக்கடிக்கும். சொதியில் ஊறிய இடியப்பத்தில் தண்ணீரும் கட்டியும் ஒன்றாக வருகிறது. தண்ணீர் முதலில் ஓடிவிடும், கட்டி வாயில் நிற்கும், பிள்ளை குழம்பிப்போவான். பருக்கை மிதக்கிற கஞ்சியும் அதே வகைதான். இலகு என்று நினைத்து முதலில் கொடுப்பது அதைத்தான்.

உணவின் பதத்தை 0 தொடக்கம் 7 வரை எட்டுப் படியாகப் பிரிக்கிற ஒரு சர்வதேச முறை இருக்கிறது. 0 தண்ணீர், 4 கரண்டியில் நிற்கிற மசியல், 5 நசிக்கிய ஈரச் சாப்பாடு, 7 நாம் சாப்பிடுவது. அங்கே உங்கள் மகனுக்கு ஒரு எண் சொல்வார்கள். அந்த எண்ணில் நம் வீட்டுச் சாப்பாடு எது என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். தடிப்பை வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்சில் தள்ளுதண்டைக் கழற்றிவிட்டு, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு கஞ்சியை 10 வரை நிரப்புங்கள். விரலை எடுத்துப் பத்து விநாடி ஓட விட்டுத் திரும்ப அடையுங்கள். மிச்சம் 1 மில்லிலீற்றருக்குக் குறைவென்றால் அது தண்ணீர்ப் படி, 1 தொடக்கம் 4 வரை என்றால் முதலாம் படி, 4 தொடக்கம் 8 வரை என்றால் இரண்டாம் படி, 8க்கு மேல் என்றால் மூன்றாம் படி. ஒன்றும் ஓடாவிட்டால் நாலாம் படி. நீங்கள் குழாய்க்குப் பாவிக்கிற சிரிஞ்சின் நுனி வேறு மாதிரி இருக்கும், ஆகவே எந்தச் சிரிஞ்சால் பார்ப்பது என்று கேட்டு மிஸ்ஸிடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தாம் படிக்கு, சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டி 2 மில்லிமீற்றருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது, முள்ளுக்கரண்டியால் அமத்தினால் இலகுவாக நசிய வேண்டும்.

இதை வைத்து யோசித்தால் நம் குசினியிலேயே நிறைய இருக்கிறது. குழைய வடித்த சோற்றைப் பருப்போடு அரிதட்டில் தேய்த்தெடுத்தால் நாலாம் படி. உளுத்தங்கஞ்சி, குரக்கன் கஞ்சி இரண்டையும் வேண்டிய தடிப்புக்கு இறுக்கலாம். கிளினிக்கில் தருகிற திரிபோஷா சத்துமாவை உருண்டையாகப் பிடித்துக் கொடுக்காமல் கஞ்சியாகக் காய்ச்சினால் ஒட்டாது. இடியப்பத்தைக் கிழங்கோடும் கொஞ்சம் தேங்காய்ப் பாலோடும் சேர்த்து நன்றாகப் பிசைந்தால் சொதியின் மணமும் இருக்கும், ஓடவும் மாட்டாது. மணம் முக்கியம், தங்கச்சி. அவன் நாள் முழுக்க மணந்துகொண்டிருப்பது உங்கள் தாளிப்பைத்தான். ஆகவே குரக்கன் மாவும் வறுத்த உளுத்தம்மாவும் ஒவ்வொரு பையாகக் கொண்டுபோய், மூன்றாம் கிழமையில் இதிலும் பழக்குவோமா என்று கேளுங்கள். மறுக்க மாட்டார்கள், அவர்களுக்கும் அது உதவி. கச்சான், முழுக் கடலை, றம்புட்டான், டொபி இதெல்லாம் இந்த வயதில் தொண்டையில் அடைக்கிற சாமான், அண்ணன் கையிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மூக்கைப் பிடித்துப் பருக்குகிறா, கேட்டால் ‘உன்னையும் இப்படித்தான் வளர்த்தனான்’ என்கிறா. மூக்கைப் பிடித்தால் பிள்ளை மூச்சுக்காக வாயைத் திறக்கும், அந்த மூச்சோடு பாலும் நெஞ்சுக்குள் போகும். இது நிற்கவேண்டும், நாளைக்கு அல்ல, இன்றைக்கு. ஆனால் அவவோடு சண்டை பிடிக்காதீர்கள். 2009 இல் போரின் கடைசி ஐந்து மாதத்தைப் பிள்ளைகளோடு கடந்து வந்த பெண் அவ. தண்ணீரும் அரிசியும் உப்பும் போட்ட கஞ்சிக்கு வரிசையில் நின்றதை நாம் வருடா வருடம் மே மாதத்தில் காய்ச்சி நினைக்கிறோம். அவ தினமும் நினைக்கிறா. அவவுக்கு முன்னால் ஒரு பிள்ளை கரண்டியைத் தள்ளிவிட்டால் அது சாப்பாட்டு மறுப்பாகத் தெரியாது, வேறெதுவோ தெரியும். அதை விளங்கிக்கொண்டு அவவுக்கு ஒரு வேலை கொடுங்கள். குழாயால் பால் போகும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, அவ தன் தட்டில் சாப்பிட வேண்டும், கதை சொல்ல வேண்டும், கொடுக்கக் கூடாது. வயிறு நிறைகிறதும் ஆட்கள் கூடிச் சாப்பிடுகிறதும் ஒன்றாக நடக்கும் என்பது பிள்ளையின் மனதில் விழும். நான் இதை ஒரு வீட்டில் சொன்னபோது அந்த அம்மம்மா, ‘அப்ப நான் சாப்பிடுறதுதான் மருந்தோ’ என்று கேட்டுச் சிரித்தா. கிட்டத்தட்ட அதுதான்.

முடியுமானால் கடைசிக் கிழமையில் அவவையோ கணவரையோ இரண்டு நாளாவது கொழும்புக்கு வரவழையுங்கள். வீட்டில் தீத்தப் போகிற இன்னொரு கை, மிஸ்ஸின் முன்னால் ஒரு தடவையாவது தீத்திப் பார்க்க வேண்டும். பணம் ஒரு தடவைக்குத்தான் இருக்கிறதென்றால் முதல் நாள் கொண்டுவந்து விடுவதற்குச் செலவழிக்காமல் கடைசி நாட்களுக்கு வையுங்கள்.

போனையும் இந்த நாட்களில் மெல்லக் குறையுங்கள். ஒரேயடியாகப் பறிக்க வேண்டாம், முதலில் சத்தத்தைக் குறைத்து, பிறகு தூர வைத்து, பிறகு ஒரு வேளைக்கு மட்டும் இல்லாமல். கணவர் மேசன் வேலை என்றீர்கள், அப்படியென்றால் பலகை வேலை தெரிந்த நண்பர் ஒருவராவது இருப்பார். பிள்ளையின் குண்டியிலிருந்து முழங்கால் மடிப்புவரை, மடிப்பிலிருந்து குதிக்கால்வரை அளந்து, கால் வைக்கப் பலகையோடு ஒரு சின்னக் கதிரை அடித்துத் தரச் சொல்லுங்கள். இடுப்பும் முழங்காலும் பாதமும் செங்கோணமாக மடிந்து, கால் தொங்காமல் இருந்தால்தான் தாடைக்குப் பலம் வரும். தொங்குகிற காலோடு நாமே ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். அங்கிருந்து திரும்பி வரும்போது கதிரை வீட்டில் இருக்க வேண்டும்.

பாஷை. தமிழும் அரசகரும மொழி என்று சட்டத்தில் இருக்கிறது, வாட்டில் இரவு இரண்டு மணிக்கு நிற்கிற நேர்ஸுக்குத் தமிழ் தெரிந்திருக்குமா என்பது வேறு கதை. சாதாரண விஷயத்துக்குக் கையும் சிரிப்பும் போதும். ஆனால் மூன்று சந்தர்ப்பத்தில் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்: விழுங்கும் படத்தின் முடிவு சொல்லும்போது, குழாய்ப் பாலைக் குறைக்கும்போது, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில். தமிழ் தெரிந்த ஒருவர் எந்த நேரத்தில் வருவார் என்று முன்பே கேட்டு அந்த நேரத்தை ஒழுங்குபண்ணலாம். விளங்காமல் தலையாட்டுவது நம்முடைய பழக்கம், எனக்கும் இருந்தது. அவனுடைய சொற்களையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். பால் என்றால் என்ன சொல்வான், போதும் என்றால் கையை எப்படிக் காட்டுவான். சிங்களத்தில் ‘சாப்பிட’ என்பதற்குக் ‘கன்ன’ என்பார்கள். ஒரு பையன், தன்னைக் ‘கண்ணா’ என்று கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒவ்வொரு கரண்டிக்கும் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அந்த வாட்டு பிடித்துப்போனதற்கு அது ஒரு காரணம் என்று இன்னும் நம்புகிறேன்.

ஒரு விஷயம் உங்களுக்கு வலிக்கப் போகிறது, முன்பே சொல்லிவிடுகிறேன். மிஸ்ஸிடம் வாய் திறப்பான், உங்களிடம் திறக்கமாட்டான். நீங்கள் கழிவறைக்குப் போய் அழுவீர்கள். குழாய் மாற்றும்போது அவன் தலையைப் பிடித்தது உங்கள் கை, மருந்து பருக்கியது உங்கள் கை. அந்த நினைவெல்லாம் உங்கள் முகத்தோடு ஒட்டியிருக்கிறது, மிஸ்ஸின் முகத்தில் எதுவும் இல்லை. இரண்டாம் கிழமையளவில் கரண்டியை மெல்ல உங்கள் கைக்கு மாற்றுவார்கள். மாற்றாவிட்டால் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டுக் காரியங்கள் சிலதைச் சுருக்கமாக. காலபோக அறுவடைக்குள் நாள் விழுந்தால், கணவர் வரமுடியாது என்று சொல்லி நாள் மாற்றிக் கேட்பதில் தப்பில்லை. கிழமைக் கடன் கட்டுகிற குழுவில் இருந்தால் போகுமுன்பே மற்றப் பெண்களிடமும் காசு சேர்க்க வருபவரிடமும் சொல்லி ஒழுங்குபண்ணுங்கள். வாட்டில் இருந்துகொண்டு அந்தப் போன் அழைப்பை எடுக்கிற தாய்க்குப் பிள்ளையின் வாயைப் பார்க்க மனம் வராது. மூத்தவனுக்கு எத்தனை நித்திரைக்குப் பிறகு அம்மா வருவா என்று கலண்டரில் கோடு போட்டுக் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை, ஆனால் உங்கள் சாப்பாடு, பம்பர்ஸ், போன் காட், வெளியே எடுக்கச் சொல்லும் சாமான் என்று நாளாந்தம் கை கடிக்கும்.

சரி, பை. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, எல்லாக் கிளினிக் கொப்பிகளும், பழைய டயக்னோசிஸ் காட்டுகள், எக்ஸ்ரே, இப்போது கொடுக்கிற மருந்துகள் போத்தலோடு. இவற்றின் படத்தைப் போனிலும் எடுத்து வையுங்கள். அவன் வீட்டில் பாவிக்கிற கரண்டி, கோப்பை, தட்டு. குழாயை ஒட்டக் கன்னத்தில் புண் வராத பிளாஸ்டர், அங்கே கிடைப்பது ஒத்துவராமல் போகலாம். அவன் படுக்கிற துணி, கழுவாமல். சுடுதண்ணீர்ப் போத்தல், சின்ன அரிதட்டு, துடைக்க நிறையப் பழைய வேட்டித் துண்டுகள். உங்களுக்கு ஒரு பாயும் தலையணையும். தாய்மார் நிலத்திலோ கதிரையிலோதான் படுக்க வேண்டியிருக்கும். விசுவமடுவில் இருந்து பரந்தன் சந்திவரை பஸ்ஸில் குலுங்கி, பிறகு ரயில் என்றால், புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே குழாய்ப் பாலை முடித்துவிடுங்கள், தலையை உயர்த்தியே வைத்திருங்கள். வழியில் பால் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று உங்களுக்குக் காட்டித் தந்தபடி பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

கடைசியாக, திரும்பி வரும்போது சாப்பிடுவானா. மூன்று நான்கு கிழமையில் நடக்கக் கூடியது: ஓங்காளிக்காமல் கதிரையில் இருப்பான், இரண்டு மூன்று மசியலைக் கரண்டியால் வாங்குவான், கோப்பையில் சில மிடறு குடிப்பான், குழாய்ப் பால் ஓரளவு குறைந்திருக்கும். குழாய் முழுதாகக் கழற மாதங்கள் எடுக்கலாம். வாயால் மட்டும் சாப்பிட்டு எடை ஏற வேண்டும், தண்ணீரும் மருந்தும் வாயால் போக வேண்டும், ஒரு காய்ச்சலையாவது அப்படித் தாண்ட வேண்டும். அதன் பிறகுதான் கழற்றத் துணிவார்கள். வீட்டுக்கு வந்து முதல் காய்ச்சலில் எல்லாம் பின்னால் போகும், பயப்படாதீர்கள், அது திரும்பி வரும். ஆனால் துண்டு வெட்டும்போது நான்கு விஷயத்தைத் தாளில் எழுதி வாங்காமல் வாட்டைவிட்டு இறங்க வேண்டாம்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்தப் பதம், குழாய்ப் பால் எத்தனை மில்லிலீற்றர், எடை எவ்வளவுக்குக் கீழே போனால் யாருக்கு போன் பண்ணுவது. அந்தத் தாளை ஒரு பிரதி எடுத்து உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கொடுங்கள், கிழமைக்கு ஒருக்கால் அவவின் தராசில் நிறுத்து எழுதச் சொல்லுங்கள். மற்றப் பிரதி குசினிச் சுவரில், அம்மம்மாவின் கண் படுகிற உயரத்தில்.